கம்பம் அடித்த மூக்கு

ரொறன்ரோவில் நடக்கும் கலியாணங்களுக்குப் போனால், சாப்பாட்டு மேசையில் யாராவது ஒரு பெரியவர் என் முகத்தை உற்றுப் பார்ப்பார். "பிள்ளை ஆற்றை மகள்?" என்று கேட்பார். அப்பாவின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிடுவார். "அட, மொன்றியல் பைனலிலை இடிச்ச மனிசன்ரை மகளோ!" அப்பா இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ நல்ல காரியங்கள் செய்திருக்கிறார். பங்குக் கோயிலுக்கு நாற்காலி சேர்த்துக் கொடுத்தார். புதிதாக வந்து இறங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு வேலைக்கும் வீட்டுக்கும் அலைந்தார். அதெல்லாம் ஒருவருக்கும் நினைவில்லை. நாலு நாட்டில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு மூக்கை உடைத்த சங்கதிதான்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் இருக்கிறது என்று சொல்வார்கள். நான் பிறந்தபோது அதன் பாதி லண்டனிலும் பரிஸிலும் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு நகரத்திலும் எங்கள் ஊர்க்காரருக்கு ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருந்தது. கோடையில் ஏதாவது ஒரு நகரத்தில் எல்லாரும் கூடி ஒரு கிண்ணத்துக்காக விளையாடுவார்கள். 'சர்வதேசக் கழகங்கள்' என்று அந்தக் கிண்ணத்தின் அடியில் பொறித்திருந்தது. ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒருவருக்கொருவர் மச்சான், மருமகன், சித்தப்பா முறை. அதனால்தான் அந்த ஆட்டங்களில் அவ்வளவு அடிபிடி. முன்பின் தெரியாதவன் காலை மிதித்தால் போகட்டும் என்று விடலாம், சொந்த மச்சான் மிதித்தால் அப்படி விட முடியுமா?

அந்த வருடம் போட்டி மொன்றியலில். இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரரை ஹோட்டலில் விடமாட்டார்கள். உள்ளூர் ஆட்டக்காரர்கள் தங்கள் தங்கள் வீட்டில் ஆளுக்குச் சிலரைப் பங்கிட்டு வைத்துக்கொள்வார்கள். ஊர்க்காரனை ஹோட்டலில் விட்டால் வெட்கக்கேடு. காலையில் மைதானத்தில் முழங்காலால் இடித்தவனுக்கு இரவில் இடியப்பம் பரிமாற வேண்டும். எங்கள் வீட்டு பேஸ்மெண்ட்டுக்குப் பரிஸ் கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அவர்களுடைய மனேஜர். கொஞ்சம் வயதானவர், எதைக் கேட்டாலும் முதலில் தொண்டையைச் செருமுவார். மற்றவர் அவருடைய மைத்துனர், கோல் காப்பாளர். உயரமான, அதிகம் கதைக்காத மனிதர். இந்தப் பங்கீடு தற்செயலாக அமைந்ததல்ல. அந்தக் கோல் காப்பாளரைச் சித்திக்குப் பேசியிருந்தார்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் எங்களோடுதான் இருந்தார், என்னோடு ஒரே அறையில். விடிய முன்னம் எழும்பி, நகரத்தின் மேற்கே தூரத்தில் உள்ள புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்துக்கு வேலைக்குப் போவார். முன்பு லண்டனில் ஒரு சம்பந்தம் சரிவந்து, மோதிரம் மாற்ற நாளும் குறித்த பிறகு, அந்த மனிதருக்கு ஏற்கனவே மனைவியும் பிள்ளையும் இருப்பது தெரியவந்தது. சித்தி அழவில்லையாம். "நான் அவரை நேரை கேட்டனான் அக்கா. ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னவர்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு எந்தச் சம்பந்தம் வந்தாலும் வேண்டாம் என்றார். வருடங்கள் போயின. இந்தப் பரிஸ்காரரை ஒருமுறை பார்க்கவாவது சம்மதிக்க வைப்பதற்குள் அம்மா அரைவாசியாகிவிட்டார்.

மாப்பிள்ளை கீழே இருக்கும்போது பெண் அதே வீட்டில் இருக்கலாமா? ஆகவே சித்தியை எங்கள் மேல்வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்ததும் எங்கள் ஊர்க் குடும்பம்தான். வெளிப்பக்கத்து இரும்புப் படியால் ஏறினால் அவர்கள் வீடு. துணைக்கு நானும் போனேன். இறுதியாட்டம் முடிந்த மாலைதான் முறைப்படி பெண் பார்ப்பது என்று ஏற்பாடு. அதுவரைக்கும் மேலும் கீழுமாக ஒரே கூரைக்குக் கீழ் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் கண்டதே இல்லை என்று இரண்டு பேரும் நடித்தார்கள்.

எனக்கு அந்தப் பரிஸ்காரரைப் பிடித்துப்போயிற்று. அவர் பிரெஞ்சில் கதைக்கும்போது 'பார்க்கிங்' என்றும் 'ஷாப்பிங்' என்றும் சொல்வார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக்குள் அப்படி ஆங்கிலம் கலந்தால் ரீச்சர் முறைப்பார். நான் அவரைத் திருத்துவேன், அவர் நல்ல பிள்ளைபோலத் திருப்பிச் சொல்வார். முதல் நாள் நான் அவரை 'மாமா' என்று கூப்பிட்டதும் அம்மா அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் கிள்ளினார். "மாமா எண்டு சொல்லாதை. மாமா எண்டால் எனக்கும் சித்திக்கும் சகோதரம் ஆகிவிடும். இப்போதைக்கு அங்கிள் எண்டு சொல்லு." இப்போதைக்கு என்றால் எப்போது வரைக்கும் என்று கேட்டேன். அம்மா இன்னொரு கிள்ளுக் கிள்ளினார்.

அப்பாவும் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். மலைக்குக் கூட்டிப்போய் நகரத்தைக் காட்டினார். ஆனால் மறுபக்கம் பரிஸ் கழகமும் எங்கள் கழகமும் வென்று வென்று இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டன. அப்பாதான் எங்கள் கழகத்தின் தலைவர். தலைவரே அணியைத் தெரிவு செய்வதால், வயிறு முன்னுக்குத் தள்ளிய பிறகும் அவரே நடுமுன்னணியில் ஆடினார். அன்று காலை சப்பாத்துக்குக் கயிறு கட்டும்போது அம்மா எதிரில் வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளைக்கு எத்தினை கோல் எண்டாலும் அடியுங்கோ. ஆளை மட்டும் அடிச்சுப்போடாதேங்கோ. பின்னேரம் பொம்பிளை பாக்க இருக்கு."

"எனக்கென்ன விசரோ?" என்றார் அப்பா.

நகரத்துக்குள் மைதானம் கிடைக்காததால் இறுதியாட்டத்தை இல்-பிசாரில் வைத்தார்கள். அமைதியான தீவு, பெரிய பெரிய வீடுகள், புல் வெட்டும் சத்தம். பஸ் எப்போதாவது ஒன்று வரும். சித்தி வரவில்லை. பெண் பார்க்கும் முன் பெண் மைதானத்தில் நின்று விசிலடிப்பது எங்கள் ஊரில் இல்லை. அவர் எங்கள் வீட்டுப் பின்வளவில் பெரிய பானையை காஸ் அடுப்பில் ஏற்றி, இரண்டு அணிக்கும் போதுமான கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அது வேறு விதமாகப் போகிறது என்று தெரிந்தது. முதலில் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், பிறகு சட்டைக்குள் இருந்த ஆளைப் பிடித்து இழுத்தார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த மத்தியஸ்தர் பொதுவான மனிதர், பாவம். சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டினால் வெளியே போக வேண்டியவர் போகாமல் நின்று, "நீ ஆற்றை மகன் எண்டு எனக்குத் தெரியாதோ?" என்று அவரிடம் கேட்டார். எல்லைக் கோட்டருகே நின்ற சனம் ஆட்டக்காரரைவிட மோசம். ஊரில் எந்தக் காலத்திலோ வேலியை அரக்கிக் காணி பிடித்தது, வள்ளத்தைத் தராமல் விட்டது, கலியாணத்துக்குச் சொல்லாதது எல்லாம் அன்று வெளியே வந்தன. நான், அம்மா மைதானத்தோரம் போட்டிருந்த ரோல்ஸ் கடைக்குப் பின்னால் நின்று, சூடான ரோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி எல்லாவற்றையும் சந்தோஷமாகப் பார்த்தேன். அதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்கு அதுவரையில் கிடைத்ததில்லை.

பரிஸ் ஒரு கோல் முன்னுக்கு நின்றது. ஆட்டம் முடிகிற நேரம் எங்களுக்கு ஒரு கோர்ணர் கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. அப்பா எங்கிருந்தோ ஓடிவந்து தலையால் முட்டினார். பந்து கோலை நோக்கிப் போக, கோல் காப்பாளர் பாய்ந்து அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்தார். ஓடிவந்த வேகத்தில் அப்பாவால் நிற்க முடியவில்லை. அவருடைய நெற்றி போய்க் கோல் காப்பாளரின் மூக்கில் மோதிய சத்தம் ரோல்ஸ் கடைவரை கேட்டது.

பந்து கோட்டைத் தாண்டியதா, தாண்டவில்லையா? ஒரு பக்கம் "கோல்" என்றது, மறுபக்கம் "இல்லை" என்றது. மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், பிறகு மெல்லத் தன் காரை நோக்கி நடக்கத் தொடங்கினார். அவர் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டியதும் சண்டை தொடங்கியது. மூலைக் கொடிகளைப் பிடுங்கினார்கள். குடைகள், பிளாஸ்டிக் கதிரைகள், தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் பறந்தன. பரிசு கொடுக்க வந்த பங்குச் சுவாமி இரண்டு கையையும் உயர்த்திச் சமாதானம் சொன்னார், அவருடைய அங்கியில் யாரோ எறிந்த பாதி ரோல்ஸ் வந்து ஒட்டியது. அம்மா மட்டும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கும்பலுக்குள் நேரே போனார். தன் தங்கையின் கலியாணம் கோல் கம்பத்தடியில் இரத்தம் வழியக் கிடப்பதை அவர் கண்டுவிட்டார்.

அயல்வீட்டில் யாரோ அழைத்து, பொலிஸ் வந்தது. ஒரு பெண்ணும் ஆணும். அவர்களைக் கண்டதும் நடந்த மாற்றத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்திருந்தவர்கள் பிடித்த கையைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். "யார் யாரை அடித்தது?" என்று அந்தப் பொலிஸ்காரி பிரெஞ்சில் கேட்டார். மொன்றியல் பிரெஞ்சிலும் பரிஸ் பிரெஞ்சிலுமாக எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள், நாங்கள் ஒரே குடும்பம் என்று.

பொலிஸ்காரி கோல் காப்பாளரிடம் போய், மூக்கில் என்ன என்று கேட்டார். அவர் ஐஸைப் பிடித்தபடி, "கம்பத்தில் மோதிவிட்டேன்" என்றார். பிறகு பொலிஸ்காரி அப்பாவின் பக்கம் திரும்பி, நெற்றியில் என்ன காயம் என்று கேட்டார். அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நானும் கம்பத்தில்தான்" என்றார். பொலிஸ்காரி கம்பத்தைப் பார்த்தார். வலையில் தொங்கிய கதிரையைப் பார்த்தார். எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி, போகும்வரை அங்கேயே நின்றார்.

வீட்டுக்குப் போவது சுலபமா? பரிஸ்காரருக்குக் கார் இல்லை. பஸ் வர வெகுநேரம் ஆகும். அவர்களுடைய பெட்டி படுக்கை எல்லாம் எங்கள் ஆட்களின் வீடுகளில். ஆகவே அடிவாங்கியவர் அடித்தவரின் காரில் ஏறினார். எங்கள் வான் வண்டியில் அம்மா முன்னுக்கு, அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறினார். நடுவில் மூக்கைப் பிடித்தபடி அங்கிள். கடைசியில் மனேஜரும் நானும். பாதி வழியில் அப்பா பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்து, "ஏசி காணுமோ, இன்னும் கூட்டவோ?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் அவர் அதைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் மனேஜர் தொண்டையைச் செருமினார். "இந்த வீட்டோடை இனி ஒரு சம்பந்தமும் இல்லை. பெட்டியளை எடுத்துக்கொண்டு நாங்கள் வேறை எங்கையாவது போறம்" என்றார். எங்கே போவது என்று அவருக்கே தெரியவில்லை, ஏனென்றால் மற்ற எல்லா வீடுகளும் இதே நிலையில்தான் இருந்தன. அப்பா வானை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வானொலியைப் போட்டார். அம்மா கண்ணாடியைத் தட்டி, "ஒரு பந்துக்காக என்ரை தங்கச்சியின்ரை வாழ்க்கையை உதைச்சுப்போட்டியள்" என்று சொல்லி அழுதார். அப்பா நேரே பார்த்தபடி இருந்தார். அவர் சண்டைபிடித்துப் பார்த்திருக்கிறேன், அப்படி வாயடைத்துப் பார்த்ததில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

அங்கிளும் மனேஜரும் பின்வளவுக்குப் போய்ப் படியடியில் கதிரைகளில் இருந்தார்கள். மனேஜர் வேலியைப் பார்த்துக் கதிரையைத் திருப்பிப் போட்டார். நானும் அம்மாவும் பின்னால் போனோம். வெயில் இன்னும் இருந்தது. பானையிலிருந்து பனங்கிழங்கில் அரைத்த ஒடியல் மாவும் மீனும் புளியும் மிளகாயும் சேர்ந்த வாசம் வளவு முழுக்க நின்றது.

அப்போது இரும்புப் படியில் சத்தம் கேட்டது. சித்தி இறங்கி வந்தார். அம்மா எடுத்து வைத்த சேலை இல்லை, கையில் தேநீர்த் தட்டு இல்லை. காலையிலிருந்து கூழ் காய்ச்சிய அதே உடுப்பு, நெற்றியில் வியர்வை, கை துடைக்கும் லேஞ்சி ஒன்று தோளில். நடந்ததெல்லாம் தொலைபேசியில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நீ ஏன் இப்ப வந்தனி? மேலை போ" என்று அம்மா பதறினார். சித்தி அவரைத் தாண்டிப் போய் அங்கிளுக்கு முன்னால் நின்றார். அங்கிள் எழும்பினார்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"அந்தப் பந்து கோட்டைத் தாண்டினதோ, இல்லையோ?"

மனேஜர் வேலியை விட்டுத் திரும்பினார். "தம்பி, வாயைத் திறக்காதை. மத்தியஸ்தரே ஒண்டும் சொல்லேல்லை."

அங்கிள் ஐஸ் பையை மூக்கிலிருந்து எடுத்தார். மூக்கு வீங்கி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவர் மனேஜரைப் பார்க்கவில்லை, சித்தியைத்தான் பார்த்தார்.

"ஓம். தாண்டினது. நான் கோட்டுக்கு உள்ளுக்கை நிண்டுதான் பிடிச்சனான்."

மனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சித்தி அசையவில்லை. "அப்ப பொலிசுக்கு ஏன் கம்பம் எண்டு பொய் சொன்னனீங்கள்?"

அங்கிள் வீங்கிய மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "மூக்கு என்ரை. அதைப்பற்றி நான் என்னவும் சொல்லலாம். கோல் அப்பிடியில்லையே, அது அவையின்ரை."

சித்தி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மாவும் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அங்கே நிற்கப் பொறுமை இல்லை. இதைவிடப் பெரிய செய்தி உலகத்தில் இருக்கிறதா? சந்தால் ஓடி முன்பக்கம் போய் வானின் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். "அப்பா, கோல்! கோல் தானாம்! அங்கிள் ஒத்துக்கொண்டிட்டார்!"

அப்பா கண்ணாடியை இறக்கினார். "அவரே சொன்னவரோ?"

"ஓம். சித்தி கேட்டவா, அவர் சொன்னவர்."

"சித்தி கேட்டவாவோ?" என்று திருப்பிக் கேட்டார். பிறகு வானொலியை நிறுத்திவிட்டு இறங்கினார். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் போகிறவர்போல மெல்ல நடந்தார். பின்வளவில் அங்கிளின் முன்னால் போய் நின்று, "தம்பி, சத்தியமா நான் பந்தைப் பாத்துத்தான் வந்தனான்" என்றார். "தெரியும் அண்ணை" என்றார் அங்கிள். "எங்கை, மூக்கைக் காட்டும்" என்று அப்பா அவர் நாடியைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானே அதை நிமிர்த்திவிட முடியும் என்றும் சொன்னார். அம்மா ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

மனேஜர் அசையமாட்டேன் என்று இருந்தார். அம்மா முதல் கூழை அவருக்குத்தான் கொடுத்தார். வேண்டாம் என்று தலையாட்டியபடி வாங்கி, வேலியைப் பார்த்தபடி குடித்தார். சித்தி அன்று மிளகாயைத் தாராளமாகவே போட்டிருந்தார். இரண்டாவது மிடறில் மனேஜருக்குக் கண்ணும் மூக்கும் ஓடத் தொடங்கின. கூழ் குடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை நீட்டி வைத்திருக்க முடியாது. அவர் மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்று கதிரையை எங்கள் பக்கம் திருப்பினார். மெல்ல மெல்ல மற்ற வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கண் வீங்கியவர், நொண்டுகிறவர், சட்டை கிழிந்தவர் எல்லாரும் பானையைச் சுற்றி நின்று ஊதி ஊதிக் குடித்தார்கள்.

கிண்ணத்தை யாருக்கும் தனியே கொடுக்கவில்லை. ஆட்டம் சமநிலை, ஆளுக்கு அரை வருடம் வைத்திருப்பது என்று முடிவாகி, முதலில் பரிஸ்காரரிடம் போனது, திரும்பி வரவே இல்லை. அடுத்த வருடம் சித்தியும் போனார். இன்றைக்கு அவர்களுடைய வரவேற்பறையில் அது இருக்கிறது. அதற்குள் சில்லறையும் திறப்புகளும் கிடக்கும். சித்தப்பாவின் மூக்கு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்தான்.

ஆனால் அந்த மாலையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோல் வழக்கில் நாங்கள் வென்றுவிட்டோம், அங்கிள் தோற்றுவிட்டார். தன் வாயாலேயே கோலைக் கொடுத்து, மூக்கையும் கொடுத்து, வெறுங்கையோடு பரிஸுக்குப் போகப்போகிறார். படியில் தனியே உட்கார்ந்து, வலிக்காத பக்கத்தால் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். கூழில் என் பங்குக்குக் கிடைத்த பெரிய நண்டுக்காலைக் கடைசியாகச் சாப்பிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அதை எடுத்துப்போய் அவருடைய கோப்பைக்குள் போட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் தலைக்கு மேலால் யாரையோ பார்த்தார். திரும்பினால், அகப்பையோடு சித்தி நின்றார். அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு, கண் கலங்கியிருந்தது. மிளகாய்தான் என்று நினைத்தேன்.

"அங்கிள் பாவம், சித்தி," என்று அவருடைய காதுக்குள் சொன்னேன். "அவருக்குத்தானே ஒண்டுமே கிடைக்கேல்லை."

"ஓம் குஞ்சு," என்றார் சித்தி. "பாவம், ஒண்டுமே கிடைக்கேல்லை."